கீரை அரிசியும் பீட்ரூட் அரிசியும்

பாப்பா,

ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும் உன்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட வருகிறது, கோபித்துக்கொள்ளாதே. ஜங்ஷனில் உன்னையும் கவினையும் பெங்களூரு ரயிலில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து நான் நானாக இல்லை. சோறு தண்ணீர் இறங்கவில்லை என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும், ஆனால் அது பொய். நன்றாகவே சாப்பிடுகிறேன். இன்று காலை இட்லிக்குத் தொட்டுக்கொள்ள உன் அம்மா வைத்தது தக்காளிச் சட்னியா புதினாச் சட்னியா என்று மட்டும் நாக்கில் வைத்த பிறகுதான் தெரிந்தது. இத்தனை காலமும் அப்படித்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன், அது எனக்கே தெரியாமல். அறுபத்து நான்கு வயதில் ஒரு மனுஷனுக்குத் தன்னைப் பற்றி இப்படி ஒரு சேதி வரலாமா, நீயே சொல். போனில் பேசினால் "சரிப்பா, அப்புறம் பேசறேன், இவன் கூப்பிடறான்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். இன்று காலை இன்னொன்றும் நடந்தது. அதைக் கடைசியில்தான் சொல்வேன், இப்போதே அங்கே தாவிவிடாதே. முன்னால் நடந்ததை என் பக்கத்திலிருந்து நீ பார்த்ததில்லை, அதை முதலில் படி.

கோடை விடுமுறைக்கு நீ வந்த மறுநாள் ஆரம்பித்தது இது. காலையில் காவிரிக் கரை அம்மா மண்டபம் வரை நான் நடந்துவிட்டு வந்தால் அடுப்படி போர்க்களமாகக் கிடக்கிறது. நல்ல பொன்னி அரிசியைப் பங்கு பிரித்து, ஒரு பங்கில் மஞ்சள் தூள், ஒரு பங்கில் பீட்ரூட் சாறு, ஒரு பங்கில் அரைத்த கீரை, இன்னொன்றில் நம் வேலியில் பூத்த சங்குப்பூவைக் கொதிக்கவைத்த தண்ணீர் என்று நீ பிசைந்துகொண்டிருந்தாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரிசிக்குச் சாயம் போடும் வீட்டை நான் பார்த்ததே இல்லை. "என்னம்மா இது?" என்று கேட்டேன். "சென்சரி ப்ளேப்பா. கையால தொட்டு, அள்ளி, கொட்டி விளையாடறது. இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு ரொம்ப நல்லது" என்றாய். "கொட்டி முடிச்ச பிறகு?" "குருவிக்குப் போட்டுடலாம்." உள்ளேயிருந்து உன் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "காலில மிதிபடாம பாத்துக்கடி, அரிசி அது." அதற்காகத்தான் பழைய பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் விளையாட வைத்தாய். அப்புறம் மீதிச் சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, "பாருங்கப்பா, மேஜிக்!" என்று டம்ளரை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். நான் "அடேயப்பா!" என்றேன். அந்த டம்ளரில் என்ன மாறியது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை பாப்பா. மரியாதைக்குச் சொன்ன அடேயப்பா அது.

அந்த வாரம் முழுக்க வீடு அமர்க்களப்பட்டது. ஊறவைத்த ஜவ்வரிசி ஒரு தட்டில், புளியங்கொட்டை ஒரு தட்டில், பொரி ஒரு கூடையில். ஐஸ் கட்டிக்குள் செம்பருத்தி இதழை உறையவைத்துக் கொடுத்தாய், கவின் அதைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சல்லடையில் ரவையைச் சலிப்பதும், கரண்டியால் தண்ணீரை இந்தக் குண்டானிலிருந்து அந்தக் குண்டானுக்கு மாற்றுவதும் அவனுக்கு வேலை. உண்மையைச் சொன்னால் அவனைவிட நான்தான் அதிகம் விளையாடினேன். ஜவ்வரிசிக்குள் கையை விட்டால் எடுக்க மனசு வரவில்லை. நான் கையால் தொட்டே தொழில் செய்தவன் இல்லையா? காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் என்னைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். மற்றவன் தாரைக் கண்ணால் பார்த்து விலை சொல்வான், நான் காம்பை முகர்ந்து பார்த்து, காயைக் கட்டைவிரலால் அழுத்தி, இது நாளைக்குப் பழுக்கும், இது மூன்று நாள் தாங்கும் என்பேன். பூவனோ ரஸ்தாளியோ, தவறினதில்லை. "கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவாரு" என்று லோடு இறக்குகிறவர்கள் பெருமையாகப் பேசுவார்கள். நானும் மீசையைத் தடவிக்கொள்வேன். அந்தப் பெருமையை மடியில் கட்டிக்கொண்டுதான் உன் பிள்ளையோடு ஜவ்வரிசி பிசைந்துகொண்டிருந்தேன்.

ஆனால் உன் முகத்தில் விளையாட்டு இல்லை. அதை நான் மெதுவாகத்தான் கவனித்தேன். விடுமுறைக்கு முன்னால் ப்ளே ஸ்கூல் மிஸ் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, மற்ற பிள்ளைகள் எல்லாம் நிறம் சொல்கிறார்கள், இவனுக்கு வரவில்லை, கொஞ்சம் பின்தங்கியிருக்கிறான் போல, எதற்கும் ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னதை உன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாய். அவள் என் காதில் போட்டாள். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது, இந்த அரிசியும் சாயமும் அவன் சந்தோஷத்துக்கு மட்டும் இல்லை என்று. "கவின், இது என்ன கலர்? சொல்லு தங்கம், இது என்ன கலர்?" என்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை கேட்டாய். அவன் அரிசியைப் பார்க்கவில்லை பாப்பா. உன் முகத்தைப் பார்த்தான். ஒரு நிறத்தின் பெயரைச் சொல்லத் தொடங்குவான், உன் புருவம் சுருங்கினால் பாதியில் நிறுத்தி வேறு பெயருக்குத் தாவுவான். மூன்று வயது நிரம்பாத பிள்ளை இவ்வளவு சாமர்த்தியம் செய்கிறதே, இவனையா மந்தம் என்கிறார்கள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை. நான்கு தட்டு வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு நிற அரிசி கொஞ்சம் பரப்பினாய். சின்னக் கிண்ணங்களில் மீதி அரிசியை நிரப்பி அவன் முன்னால் வரிசையாக வைத்தாய். எந்தக் கிண்ணம் எந்தத் தட்டு என்று பார்த்துக் கொட்ட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. நான் ஈஸிசேரில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். அவன் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொட்டினான். ஒரு மணி சிந்தவில்லை. நான் மனசுக்குள் சபாஷ் போட்டேன். நீ "ஐயோ கவின்!" என்று கத்திவிட்டு அப்படியே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். உன் தோள் குலுங்கியது. கவின் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பாருங்கப்பா, எப்படிக் கலந்து வச்சிருக்கான்னு."

நான் எழுந்து வந்து பார்த்தேன். "எங்கம்மா கலந்திருக்கான்? எல்லாம் சரியாத்தானே இருக்கு? மஞ்சள் தனியா இருக்கு, நீலம் தனியா இருக்கு."

"அந்தத் தட்டைப் பாருங்கப்பா. கீரையை எடுத்து பீட்ரூட்ல கொட்டியிருக்கான்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

நீ அழுகையை நிறுத்தியதை நான் பார்த்தேன். மெதுவாக நிமிர்ந்து, அவன் இன்னும் கொட்டாத பீட்ரூட் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை அரிசியும் பக்கத்துக் கீரைத் தட்டிலிருந்து ஒரு சிட்டிகையும் எடுத்து, இரண்டு உள்ளங்கையிலும் வைத்து என் முன்னால் நீட்டினாய். "அப்பா, இது என்ன கலர்? இது?" என்று கேட்டாய். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. வளர்ந்த ஆம்பளையிடம் யார் கேட்பார்கள்? நான் அரிசியைப் பார்த்தேன். வெளிறிப்போன மண் நிறத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. என்ன செய்தேன் தெரியுமா? உன் முகத்தைப் பார்த்தேன். கவின் பார்ப்பதுபோலவே பார்த்தேன்.

அதற்கப்புறம் நீ விடவில்லை. என் சட்டை என்ன நிறம், எதிர்வீட்டுக் கேட் என்ன நிறம், கொடியில் காயும் துண்டு என்ன நிறம். நான் சொல்லச் சொல்ல உன் வாய் திறந்தது மூடவில்லை. இலை பச்சை, தக்காளி சிவப்பு, குங்குமம் சிவப்பு என்று உலகத்துக்கே தெரிந்ததை எல்லாம் டாண் டாணென்று சொன்னேன். யாரும் நிறம் சொல்லிக் கேட்டிராத பொருளைக் காட்டினால் திணறினேன். உன் அம்மா கரண்டியோடு வந்து நின்றவள், "எதிர்வீட்டுக் கேட் பச்சைங்க. நாம குடிவந்த நாள்லேர்ந்து பச்சை" என்றாள். நான் அதைச் செம்மண் நிறம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிக்னலில் எப்படி நின்றேன் என்று நீ கேட்டாய். மேல் விளக்கு எரிந்தால் நில், கீழ் விளக்கு எரிந்தால் போ, அதற்கு எதற்கு நிறம்?

புத்தூரில் என்னையும் கவினையும் நீ கூட்டிப்போன அந்தக் கண் டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்தாள். பக்கம் முழுக்கப் புள்ளிகள். "இதுல என்ன நம்பர் தெரியுதுங்க ஐயா?" என்றாள். நம்பரா? நான் புத்தகத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். நீ என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உனக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குப் புள்ளிதான். பக்கம் புரட்டப் புரட்டப் புள்ளிதான். "பிறவியிலேயே உங்களுக்குச் சிவப்பு, பச்சை பிரிஞ்சு தெரியலைங்க ஐயா" என்றாள். "பிறவியிலேர்ந்தா? வீட்டுல யாருக்குமே தெரியலையே" என்றேன். "நெறைய பேருக்குத் தெரியாமலே போயிடுதுங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். கவினுக்கு வளைந்து வளைந்து போகும் புள்ளிக் கோட்டை விரலால் தடவச் சொன்னாள். அவன் விரலைப் பக்கத்தின் நடுவில் வைத்துவிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்தான். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு முடிவாகச் சொல்ல முடியாது, வளர்ந்ததும் மறுபடி பார்க்கலாம், ஆனால் பார்த்தவரை அதேதான் என்றாள். வைத்தியம் கிடையாது, ஆபத்தும் கிடையாது. மூளைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அப்புறம் சொன்னதுதான் எனக்குச் சம்மட்டி அடி. "இது அம்மா வழியாத்தான் பையனுக்கு வரும். உங்ககிட்டேர்ந்து உங்க மகள், அவங்ககிட்டேர்ந்து பேரன். மகளுக்கு ஒரு குறையும் இருக்காது, கடத்தி விடுவாங்க, அவ்வளவுதான். அப்பாகிட்டேர்ந்து பையனுக்கு வராது." நீ டாக்டர் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தாய். ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். காவிரிப் பாலத்தில் கவின் மட்டும் "தண்ணி, தண்ணி" என்று குதித்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் உன் அம்மா வேறு ஒரு கச்சேரி வைத்திருந்தாள். பீரோவைத் திறந்து புடவை புடவையாக எடுத்துக் கட்டிலில் போட்டு, "இது என்ன கலர்? இது?" என்று விசாரணை. நீ கவினைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாய், உனக்கு இது தெரியாது. பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்ப நான் ஒவ்வொண்ணா கட்டிக்கிட்டு வந்து நின்னப்பல்லாம் நல்லாருக்கு, நல்லாருக்குன்னீங்களே, எதைப் பாத்துச் சொன்னீங்க?" என்று கேட்டாள். "உன்னைப் பாத்துத்தான்" என்றேன். வேறு பதில் இருந்தால்தானே சொல்வதற்கு? அவள் புடவைகளை மடித்து வைத்தாள். அன்றைக்குக் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன், உள்ளே அப்படி இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் கண்ணுமா தெரியாது? ராஜகோபுரத்துக்கு வர்ணம் தீட்டி ஊரே அண்ணாந்து பார்த்தபோது, எனக்கு வெள்ளைக் கோபுரம்தான் அழகு என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அதை என் ரசனை என்று நினைத்திருந்தேன். மண்டியில் காம்பை முகர்ந்தது திறமை என்று நினைத்திருந்தேன். மற்றவர்களுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது எனக்குத் தெரியாததால் கை தானாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. அதற்கு நான் மீசையைத் தடவியிருக்கிறேன். நீ ஆறாவது படிக்கையில் விளையாட்டு விழாவுக்குச் சிவப்பு ரிப்பன் கேட்டாயே, நினைவிருக்கிறதா? தெப்பக்குளம் கடைத்தெருவில் நானே பார்த்துப் பார்த்து எடுத்து வந்தேன். பொட்டலத்தைப் பிரித்ததும் நீ அழுதாய். "ரிப்பன் ரிப்பன்தான், அதுல என்ன, அழுகையை நிறுத்து" என்று அதட்டினேன். அந்த ரிப்பன் என்ன நிறம் என்று இப்போது கேட்கலாமா என்று தோன்றுகிறது. சரி, வேண்டாம்.

இனி கொஞ்சம் புத்தி சொல்கிறேன், பொறுத்துக்கொள். அந்த விளையாட்டை நிறுத்திவிடாதே. அங்கே போனதும் சாயத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். அது தப்பு. அரிசியும் ஜவ்வரிசியும் தண்ணீரும் அவன் சொத்து, அதைப் பிடுங்காதே. நிறத்தையும் காட்டாமல் ஒளிக்காதே, அவன் பார்க்கிற நிறமும் நிறம்தான், மஞ்சளையும் நீலத்தையும் அவன் எத்தனை ஆசையாக அள்ளினான் என்று நீயே பார்த்தாய். "இது என்ன கலர்" என்று மட்டும் கேட்காதே. எது சில்லுன்னு இருக்கு, எது சொரசொரன்னு இருக்கு, எது வழுக்குது என்று கேள், அவன் உன்னைப் பார்க்காமல் பதில் சொல்வான். கொத்தமல்லியையும் புதினாவையும் கசக்கி மூக்கில் வை. ஒவ்வொரு க்ரேயானிலும் ஒரு படம் ஒட்டிவிடு, இலை ஒட்டியது பச்சை, தக்காளி ஒட்டியது சிவப்பு என்று அவனே எடுத்துக்கொள்வான். புளியங்கொட்டை, பட்டாணி எடுத்தால் பக்கத்தை விட்டு நகராதே, மூக்கில் போட்டுக்கொள்ளும் வயசு. அந்த மிஸ்ஸிடம் நேரே போய்ச் சொல், டாக்டர் சீட்டைக் காட்டு. சொல்லாவிட்டால் அவன் வகுப்பு வகுப்பாக எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டு வளர்வான். எனக்கு வாழைத்தார் இருந்தது, தப்பித்தேன். அவனுக்கு என்ன கிடைக்குமோ யாருக்குத் தெரியும்?

இதை எல்லாம் நீ எப்படிச் செய்வாய் என்பதுதான் என் கவலை. ஏனென்றால் ஜங்ஷனில், ரயில் கிளம்பும் நேரத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "அப்பா, மணப்பாறையில அத்தைக்கு இது தெரிய வேண்டாம். இவர்கிட்டயும் இப்போதைக்குச் சொல்லாதீங்க. 'உங்க வீட்டுலேர்ந்துதான் வந்துச்சா'ன்னு ஒரு வார்த்தை வந்துட்டா என்னால தாங்க முடியாதுப்பா." நான் "சரிம்மா" என்று தலையாட்டினேன். பிளாட்பாரத்தில் நடந்து வரும்போது, மகள் தன் புகுந்த வீட்டாரிடம் மறைக்க வேண்டிய பொருளாக நான் ஆகிவிட்டேனே என்று இருந்தது. கோபம்கூட வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்று, வாயைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன், இன்று காலை வரைக்கும்.

இப்போது அதற்கு வருகிறேன். காலையில் மணப்பாறையிலிருந்து உன் மாமியார் போன் செய்தார்கள். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததைக் கேட்டார்கள், மழை பற்றிக் கேட்டார்கள். வைத்துவிடுவார்கள் என்று பார்த்தால் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஸ்ரீரங்கத்துல உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு எங்க தம்பி, உங்க மாப்பிள்ளை, சொல்லியிருக்கு. எனக்கு மனசு கேக்கலைங்க" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டில் எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

"பொங்கலுக்கு வந்திருந்தப்ப மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிச்சோம்ல? தம்பி புள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு இது என்ன கலர், அது என்ன கலர்னு கேட்டுச்சு. செவப்புக் கொம்பைப் பச்சைங்கறான், பச்சையைச் செவப்புங்கறான். திருப்பித் திருப்பிக் கேட்டும் அப்படித்தான். தம்பி மூஞ்சி செத்துப் போச்சுங்க. நாலு வயசு வரைக்கும் பேச்சே வராத புள்ளைங்க அது, பள்ளிக்கூடத்துல மக்கு மக்குன்னு அடி வாங்கினது. மாட்டுக் கொட்டாயில என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'அம்மா, நானும் இப்படித்தான் இருந்தேனா? என்னாலதான் புள்ளை இப்படி ஆயிட்டானா?'ன்னு கேட்டுச்சு. அதுலேர்ந்து சரியாத் தூக்கமில்லை சம்பந்தி. 'அவளுக்குத் தெரிஞ்சா இவனையா கட்டிக்கிட்டோம்னு நினைப்பா, சொல்லாதே'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு. நான் சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதானா? பொங்கலிலிருந்து இந்தக் கோடை வரைக்கும், ஒரு கூடம் இரண்டு அறை வீட்டுக்குள், நீ அவருக்குத் தெரியாமல் பயந்திருக்கிறாய், அவர் உனக்குத் தெரியாமல் பயந்திருக்கிறார். நடுவில் அந்தப் பிள்ளை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். உன்னிடம் கொடுத்த வாக்கை உடைத்துவிட்டேன் பாப்பா. எல்லாவற்றையும் சொன்னேன். புத்தூர் டாக்டரம்மா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். அப்புறம் கேட்டார்கள்:

"அப்ப புள்ளைக்கு மூளையில ஒண்ணுமில்லையா சம்பந்தி?"

"ஒண்ணுமில்லைங்க. அவன் கெட்டிக்காரன்."

"தம்பியாலயும் இல்லையா?"

"இல்லைங்க. அப்பாகிட்டேர்ந்து வராதாம். என்னாலதான்."

அந்த அம்மாள் வாய்விட்டு அழுதார்கள். "நீங்க நல்லா இருக்கணும் சம்பந்தி, நூறு வயசு இருக்கணும்" என்று அழுகைக்கு நடுவில் சொன்னார்கள். நீ பயந்தாயே, அந்த ஒரு வார்த்தை, "உங்க வீட்டுலேர்ந்தா" என்று, அது அவர்கள் வாயில் வரவே இல்லை. என்னால் வந்தது என்று நான் சொன்னதற்கு ஒரு தாய் என்னை வாழ்த்தினாள்.

"இப்பவே தம்பிக்குப் போன் போடறேன்" என்றார்கள். நான்தான் தடுத்தேன். இதை அவர் தன் அம்மாவிடமிருந்து கேட்கக் கூடாது, உன்னிடமிருந்துதான் கேட்க வேண்டும், பாப்பா சொல்லட்டும் என்றேன். "பெத்த மனசுங்க, சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கறேன்" என்றார்கள். இப்போது மதியம் தாண்டிவிட்டது. இன்று மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்து வேலை என்று நேற்று சொன்னாய். அப்படியென்றால் அந்த மனுஷன் இந்த நிமிஷம் உனக்குப் பக்கத்து அறையில், பிள்ளையின் மேல் தன் தலையெழுத்து விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வாக்குத் தவறியதற்கு என்னை அப்புறம் ஆசை தீரத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். இப்போது போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போம்மா. போய், "உங்களால இல்லைங்க, எங்க அப்பாவால" என்று சொல்.

அப்பா